மீந்த சோறும் மொட்டைமாடி வடகமும்

மீந்த சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு என்றுமே மனம் வருவதில்லை. 2022இல் உலகில் வீணான சுமார் 105 கோடி டன் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் படித்தபோது, நம் அடுப்படிக்கும் அதில் பங்குண்டே என்று வருந்தினேன்.

சித்திரை வெயில் தொடங்கிவிட்டால், மீந்த சோற்றுடன் பச்சை மிளகாய், உப்பு, சீரகம், பெருங்காயம் சேர்த்து மைய அரைத்து, மொட்டைமாடியில் விரித்த பழைய வேட்டியின் மேல் முறுக்கு அச்சில் பிழிந்துவிடுவேன். நன்கு காய்ந்தபின் துணியின் பின்புறத்தில் நீர் தெளித்தால் வடகம் உடையாமல் உரிந்து வரும்; அதற்கு மறுநாளும் வெயில் காட்டி, ஒடித்தால் படக்கென்று முறியும் பதம் வந்ததும் டப்பாவில் அடைத்துவைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

மீந்த இட்லியை உதிர்த்துக் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து உப்புமாவாக்குவதும், புளித்த மாவில் வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் குழிப்பணியாரம் ஊற்றுவதும் பலரும் அறிந்தவையே.

சோற்றை எடுத்துவைப்பதில் மட்டும் நான் கண்டிப்பானவள்: பல மணி நேரம் வெளியே கிடந்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்பதால், இரவு உணவு முடிந்த உடனேயே அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன்.