115 ஓட்டுல கைமாறின ஹவாய்

அமெரிக்க எலக்‌ஷன்னாலே எல்லாரும் 2000 ஃப்ளோரிடாவத்தான் இழுப்பாங்க, 537 ஓட்டு வித்தியாசம், கோர்ட்டு கேஸுன்னு. என்னக் கேட்டா 1960 ஹவாய்தான் அதவிடப் பெரிய கதை, ஆனா அதப் பத்திப் பேசவே ஆள் இல்ல.

ஹவாய் 50வது மாநிலமானதே 1959 ஆகஸ்ட்லதான், அதனால அந்த மக்கள் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டது 1960லதான் மொத தடவ. எண்ணி முடிச்சப்போ ஜனநாயகக் கட்சி கென்னடியவிட குடியரசுக் கட்சி நிக்சன் 141 ஓட்டு முன்னால, அவர்தான் ஜெயிச்சார்னு அவரோட எலக்டர்களுக்கு (மாநிலத்துக்காக ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுற பிரதிநிதிகள்) சர்டிபிகேட்டும் குடுத்தாச்சு. ஜனநாயகக் கட்சிக்காரங்க விடல, கோர்ட்டுக்குப் போய் மறு எண்ணிக்கை வாங்கிட்டாங்க.

அது பாதில இருக்கும்போதே டிசம்பர் 19 வந்துருச்சு, நாடு முழுக்க எலக்டர்கள் ஓட்டுப் போட்டே ஆகணும். ஹொனலூலு இயோலானி அரண்மனைல குடியரசுக் கட்சி எலக்டர்கள் மூணு பேரும் போட்டாங்க, அதே இடத்துக்கு வந்து ஜனநாயகக் கட்சி மூணு பேரும் கென்னடிக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, கையில சர்டிபிகேட் இல்லாமயே. அதுல ஒருத்தர் ஜென்னி வில்சன், 88 வயசு. அந்த அரண்மனையக் கட்டின ஹவாய் ராஜா கலாகாவாவோட சபையில சின்ன வயசுல ஹூலாங்கிற ஹவாய் நடனம் ஆடினவங்க! ராஜ்யம் கவிழ்ந்ததையும் பாத்து, அமெரிக்கா எடுத்துக்கிட்டதையும் பாத்து, அந்த வயசுல வந்து ஜனாதிபதிக்குக் கையெழுத்துப் போடுறாங்கன்னா, எனக்கு அத நெனச்சாலே சிலிர்க்குது.

டிசம்பர் 28ல எண்ணி முடிச்சா கென்னடி 92,410, நிக்சன் 92,295. கவர்னர் வில்லியம் குவின் நிக்சனோட கட்சிதான், ஆனாலும் கென்னடிதான் ஜெயிச்சார்னு வந்த கோர்ட் தீர்ப்ப மதிச்சு கென்னடி எலக்டர்களுக்கு புது சர்டிபிகேட் குடுத்தார்.

1961 ஜனவரி 6, காங்கிரஸ்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துல, எலக்டர் ஓட்டுகள எண்ணும்போது தலைமை நாற்காலில இருந்தது துணை ஜனாதிபதி, அதாவது தோத்த நிக்சனேதான். கவர்னர் கடைசியா அனுப்பினதையே எடுத்துக்கலாம், இத முன்னுதாரணமா ஆக்க வேணாம், யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேட்டார், யாரும் வாயத் தெறக்கல, மூணும் கென்னடிக்குப் போயிருச்சு. நாடு முழுக்க எலக்டர் ஓட்டு கென்னடிக்கு 303, நிக்சனுக்கு 219, மூணு போனா என்ன நஷ்டம்னு சிலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன், மொத தடவ ஓட்டுப் போட்ட ஜனங்க சொன்னது சரியாப் பதிவாகணும்ல, அது 3ஆ இருந்தா என்ன 30ஆ இருந்தா என்ன.

2020ல ட்ரம்ப் பக்கம் தோத்த மாநிலங்கள்ல மாற்று எலக்டர்களக் கெளப்பினப்போ அவங்க வக்கீல்கள் இந்த ஹவாயத்தான் காட்டினாங்க, எனக்குக் கோவமே வந்துச்சு. இங்க கோர்ட் உத்தரவுல எண்ணிக்கை நடந்துச்சு, முடிவு மாறினதும் கவர்னரே கையெழுத்துப் போட்டார். 2020ல எந்த மாநில கவர்னரும் அவங்களுக்கு அப்படி ஒரு சர்டிபிகேட் குடுக்கல.