தொண்ணூறு நாள் நோட்டு

எனக்கு வயது 26. இடது இடுப்பு மூட்டில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கிறது என்பது 24 வயதில்தான் தெரிந்தது. டாக்டர்கள் இதை ஹிப் டிஸ்ப்ளேசியா என்கிறார்கள். வருகிற தை மாதம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. தெரிந்ததற்கும் தேதி வாங்கியதற்கும் நடுவில் போன இரண்டு வருடத்தைத்தான் எழுதப் போகிறேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைக்கிறார்கள், செய்யலாமா வேண்டாமா என்று கிடந்து அல்லாடுகிற காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை.

ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ், நான் பத்தாவது வரை படித்ததும் தமிழ் மீடியம். வேலை பாலக்காட்டில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி எட்டு மணி வரை நிற்க வேண்டும்.

வலி 21 வயதில் ஆரம்பித்தது. எங்கே வலிக்கிறது என்று யார் கேட்டாலும் கட்டைவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களை முன்னால் தொடை இடுக்கிலும் வைத்து இடுப்பைக் கவ்விப் பிடித்துத்தான் காட்டுவேன். பிற்பாடு ஒரு டாக்டர் அதைப் பார்த்ததுமே தலையாட்டினார். இடுப்பு மூட்டுக்குள் வலி இருக்கிறவர்கள் பலரும் இப்படித்தான் காட்டுவார்களாம், கை 'சி' எழுத்து மாதிரி வளைவதால் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த டாக்டரிடம் போய்ச் சேர மூன்று வருடம் ஆனது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் இது முதுகுத் தண்டு டிஸ்க் பிரச்சினை என்று சொல்லி முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள், பெல்ட் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் பதினான்கு நாள் எண்ணெய் வைத்தியம், தான்வந்தரம் தைலம் போட்டு உழிச்சில் என்கிற மசாஜ். அது சதையின் இறுக்கத்தை நன்றாகவே இளக்கியது, பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினேன், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எலும்பின் அமைப்பில் இருக்கிற குறையை எந்த எண்ணெய் மாற்றும்?

கோயம்புத்தூரில் மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் என்னை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்புறம் இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றேன். வலது பக்க இடுப்பு கீழே சரிந்தது. எனக்கு அது தெரியவில்லை, பின்னால் நின்ற அம்மாவுக்குத் தெரிந்தது, "ஏங்கண்ணு சாயற?" என்றார். நான் சாயவில்லை, நேராக நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பைத் தாங்குகிற சதை சோர்ந்துபோனால் இப்படி ஆகுமாம்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து, அது உட்காருகிற இடுப்பெலும்புக் குழிதான் கிண்ணம். எக்ஸ்ரேயில் பந்தின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டார், அதே இடத்திலிருந்து கிண்ணத்தின் வெளி விளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்ல மூட்டு, 20-க்குக் கீழே போனால் டிஸ்ப்ளேசியா. எனக்கு இடது பக்கம் 14, வலது பக்கம் 23. அம்மாவுக்கு டிகிரி புரியவில்லை. நான் அவருக்கு ஆட்டாங்கல்லை வைத்துச் சொன்னேன்: குழி ஆழமாக இருந்தால் குழவி உள்ளேயே சுற்றும், குழி தட்டையாக இருந்தால் குழவி ஓரத்துக்கு ஓரத்துக்கு வரும், அந்த ஓரம்தான் தேயும். எனக்கு அந்த ஓரத்தில் இருக்கிற மெல்லிய வளையம் கிழிந்திருந்தது, அதுதான் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்த இடம்.

டாக்டர் அம்மாவிடம் நான் எப்படிப் பிறந்தேன் என்று கேட்டார். மூத்த பெண், வயிற்றில் தலை மேலே கால் கீழே இருந்த பிள்ளை. மூத்தது, பெண், தலைகீழாக இல்லாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது, இடது பக்கம், இவை எல்லாமே இந்தக் குறை அதிகம் வருகிற வரிசையாம். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். காலை நீட்டி வைத்துத் துணியை இறுக்கிச் சுற்றியதால்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படிச் சுற்றுவது நல்லதில்லைதான், ஆனால் உங்கள் பிள்ளைக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குழந்தையை இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்குகிற நம் வழக்கம் மூட்டுக்கு நல்லது என்றும் சொன்னார். அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. வேலந்தாவளம் தாண்டுகிற வரை பஸ்ஸில் என் கையை விடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வீட்டில் அப்படி வயிற்றில் உட்கார்ந்த வாக்கில் இருந்து பிறந்த பெண் குழந்தை இருந்தால், ஆறு வாரத்தில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அந்த வயதில் எலும்பு முற்றாததால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, ஸ்கேனில் தெரியும், தெரிந்தால் பெரும்பாலும் ஒரு வார்ப்பட்டை போட்டே சரிசெய்துவிடலாம். என் சித்தி மகளின் குழந்தைக்கு நான் சண்டை போட்டு எடுக்க வைத்தேன். ஒன்றும் இல்லை. சந்தோஷம்.

சரி, எனக்கு என்ன வழி? டாக்டர் சொன்ன ஆபரேஷனின் பெயர் பெரிஅசிட்டாபுலர் ஆஸ்டியாட்டமி, சுருக்கமாக பிஏஓ. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற சர்ஜன் 1984-ல் முதலில் செய்தது. கிண்ணத்தைச் சுற்றி இடுப்பெலும்பை வெட்டி, கிண்ணத்தை மட்டும் திருப்பி, பந்தை நன்றாக மூடுகிற மாதிரி வைத்து மூன்று நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவார்கள். சொந்த மூட்டு சொந்த மூட்டாகவே இருக்கும். வெட்டிய எலும்பு ஒட்டிச் சேர மாதக் கணக்காகும், முதல் ஆறு முதல் எட்டு வாரம் ஊன்றுகோல்.

எலும்பை வெட்டுவது என்று கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை. எனக்கும்தான். இன்னொருத்தரிடம் கேட்கலாம் என்று ரயில் ஏறி எர்ணாகுளம் போனோம். அங்கே பார்த்தவர், இப்போது நடக்கிறாய், வேலைக்குப் போகிறாய், முடிந்தவரை ஓட்டு, நாற்பதுக்கு மேல் தேய்ந்ததும் மூட்டு மாற்றிவிடலாம் என்றார். அவர் சொன்னது வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. மாமா உடனே, கல்யாணம் முடியட்டும், அப்புறம் அந்த வீட்டாரே பார்த்துக்கொள்வார்கள் என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சொல்லாமல் மறைத்து ஒரு வீட்டுக்குள் போக நான் தயாராக இல்லை என்று சொன்னேன், ஒரு மாதம் மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பெரிய சிக்கல் வேறு. இந்த வலி ஒரே மாதிரி இருக்காது. நாலு நாள் படுத்தும், ஐந்தாவது நாள் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். வலிக்கிற நாளில் நாளைக்கே வெட்டிவிடட்டும் என்று தோன்றும், வலிக்காத நாளில் இதற்குப் போய் எலும்பை வெட்டுவதா என்று தோன்றும். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேதி கேட்டுவிட்டு மறுநாளே வேண்டாம் என்று சொன்னேன். இப்படியே ஒன்றேகால் வருடம் போய்விட்டது.

அப்புறம் ஆடி மாதம் ஒரு நோட்டுப் போட்டேன். கடையில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம். தினமும் நாலே விஷயம்: எத்தனை மணிக்கு வலி ஆரம்பித்தது, ஸ்டூலில் உட்கார்ந்தேனா, ராத்திரி இடது பக்கம் புரளும்போது விழிப்பு வந்ததா, இன்றைக்கு எதைச் செய்யாமல் விட்டேன். கடைசிக் கேள்வியைச் சும்மாதான் சேர்த்தேன்.

ஸ்டூல் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளாவில் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2018-லேயே சட்டம் வந்துவிட்டது, கோழிக்கோட்டில் பெண்கூட்டு அமைப்பின் பெண்கள் பல வருடம் போராடி வாங்கியது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருந்தது, அதன் மேல் சேலைப் பெட்டிகள் இருந்தன. நான் பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இப்போது எங்கள் பிரிவில் எல்லாரும் உட்காருகிறார்கள்.

ஓணத்துக்கு முந்தின பத்து நாள் கூட்டத்தில் நோட்டில் என் எழுத்தே கோணலாக இருக்கிறது. ஒரு நாள் வெறும் '11 மணி' என்று மட்டும் இருக்கிறது. தொண்ணூறு நாள் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். ராத்திரி விழிப்பு வந்தது 41 நாள். மதியச் சாப்பாடு வரை வலி இல்லாமல் நின்றது 17 நாள். அந்தப் பதினேழையும் தனியாக எடுத்துக் கடைசிக் கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். கோலம் போடவில்லை. அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை, தரையில் பந்தி. மாடிப்படி ஏறவில்லை. பஸ் படி உயரம் என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். நல்ல நாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் நான் எதையும் செய்யாமல் ஒதுங்கியிருந்த நாட்கள். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நோட்டோடு திரும்ப கோயம்புத்தூர் போனேன். இந்தத் தடவை கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். காத்திருந்தால் என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. குருத்தெலும்பு நன்றாக இருக்கும்போது செய்தால்தான் இந்த ஆபரேஷனுக்குப் பலன், தேய்மானம் கூடிவிட்டால் பிறகு மூட்டு மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார். எனக்கு இன்னும் தேய்மானம் பெரிதாக ஆரம்பிக்கவில்லை. எத்தனை வருடம் தாங்கும் என்பது இரண்டாவது. பெர்னில் முதலில் செய்த 75 மூட்டுகளில் 20 வருடம் கழித்தும் 60 சதவீதம் சொந்த மூட்டாகவே இருந்தன, அதில் ஏற்கெனவே தேய்மானம் இருந்தவர்களும் உண்டு, 30 வருடத்தில் அது 29 சதவீதமாகக் குறைந்தது என்று மறைக்காமல் சொன்னார். செயற்கை மூட்டில் 25 வருடம் தாங்குவது பத்தில் ஆறு என்று 2019-ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறதாம். ஆனால் இந்த வயதில் அதைப் போட்டால் பின்னால் ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரும், மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் எலும்பு குறையும். நீங்கள் இந்த ஆபரேஷனை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, கேட்டுவிடுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகலாம், எலும்பு கூடாமல் போகலாம், ரத்தக் கட்டி வரலாம் என்பதையும் அவரே வரிசையாகச் சொன்னார். பிரசவம் பற்றி அம்மா கேட்டார். எலும்பு நன்றாகக் கூடட்டும், ஒரு வருடமாவது போகட்டும், சுகப்பிரசவம் ஆனவர்களும் உண்டு என்றார்.

எர்ணாகுளத்து டாக்டர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் என் நடையைப் பார்த்துச் சொன்னார். நோட்டு அப்போது என்னிடம் இல்லை.

அன்றைக்கே தேதி வாங்கினேன். பணத்துக்கு அம்மா போட்டிருந்த குறிச் சீட்டு, கொஞ்சம் நகை. ஹீமோகுளோபின் பத்துதான் இருந்தது, இப்போது இரும்பு மாத்திரையும் தினமும் முருங்கைக்கீரையும். ரத்தம் கொடுக்கத் தம்பியும் அவன் கூட்டாளிகளும் பெயர் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக் கக்கூஸில் உட்கார முடியாது என்பதால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஆகும் சாமி, இருக்கட்டும்" என்றார்.

முதல் வாரங்களில் இடது காலை ஊன்றலாம், ஆனால் பதினைந்து கிலோவுக்கு மேல் பாரம் போகக்கூடாது. பதினைந்து கிலோ என்றால் காலுக்கு எப்படித் தெரியும்? எடை மெஷினில் அழுத்திப் பழகு என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். எங்கள் வீட்டில் மெஷின் இல்லை. அப்பா வேலை செய்கிற தேங்காய்க் களத்தில் மூட்டை எடை போடுகிற பெரிய மெஷின் இருக்கிறது. சாயங்காலம் லோடு போனதும் அங்கே போகிறோம். வலது கால் கீழே ஒரு பலகையில், இரண்டு கையிலும் ஊன்றுகோல், இடது காலை மட்டும் தட்டில் வைக்கிறேன். களம் முழுக்கக் கொப்பரை வாசனை, பாலக்காட்டுக் காற்று ஊன்றுகோலையே தள்ளுகிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். அப்பா குனிந்து சிவப்பு எண்ணைப் படிக்கிறார்.

"இருபத்தி ரெண்டு. கொறை கண்ணு. பத்தொம்போது. இன்னும் கொஞ்சம். பதினாறு... ஆ, பதினஞ்சு. அப்படியே நில்லு."