நிறத்தை நம்பினேன்

ஓரிகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கில், ஒரு மே மாதம் முழுக்கப் புல்வெளிகளில் தாவரக் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். தேட வேண்டியது கின்கெய்ட் லூபின், 2000-ஆம் ஆண்டு அழியும் ஆபத்துள்ளவற்றின் அமெரிக்கப் பட்டியலில் ஏறிய செடி. அவரைக் குடும்பம்தானே, கல்லூரியில் சங்குப்பூவைப் பிரித்துக் கொடியிதழ், சிறகிதழ், படகிதழ் என்று ஒட்டி வைத்தவன் நான், இதென்ன பெரிய வேலை என்ற நினைப்பில்தான் போனேன்.

இரண்டாம் நாளே சறுக்கினேன். வெளிர் மஞ்சள் பூ, அடியிலுள்ள படகிதழில் லேசாக நீலம். சொன்ன அடையாளம் அப்படியே இருக்கிறதே என்று பதினேழு இடத்தில் சிறு அடையாளக் கொடி நட்டு, ஜிபிஎஸ்ஸிலும் குறித்துவிட்டேன். உடன் வந்த மூத்தவர் ஒரு பூவைத் திருப்பிக் காட்டினார். புல்லிவட்டத்தின் பின்னால் சேவல் கால் முள் மாதிரி ஒரு நீட்சி. அது வேறு லூபின்.

"நிறத்தை விடு, மேலிருந்து பார்" என்றார். கின்கெய்டில் கொடியிதழின், அதாவது மேலே நிற்கும் பெரிய இதழின், ஓரம் நெளிநெளியாக, சற்றே பின்னுக்கு மடங்கியிருக்கும். ஆனாலும் நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் புல்லியின் குட்டையான மேலுதடு மறையாமல் தெரியும். பூத்தண்டு கிளைக்காது. சிற்றிலையின் மேற்புறத்தில் பெரும்பாலும் ரோமம் இருக்காது. அப்புறம் மாதம் முழுக்க முதுகு வலிதான்.

அடையாளம் கண்டாலும் எண்ண முடியாது. நிலத்தடித் தண்டால் பரவுவதால், எது ஒரு செடி, எது இன்னொன்று என்று பிரிக்க வழியில்லை. அது பரவிய பரப்பைத்தான் அளந்தோம். இங்குள்ள பூர்வகுடிகளான கலபூயா மக்கள் தீ வைத்துப் பேணிய புல்வெளிகள் இவை. அந்த வழக்கம் நின்றதும் புதர் மண்டிவிட்டது. அதில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்காட்ச் புரூமும் உண்டு, அதுவும் அவரைக் குடும்பமே. பங்காளித் தகராறு!

சறுக்கியதற்கு மறுநாளே அந்தக் கொடிகளைப் பிடுங்கப் போனேன். இந்த லூபின்களை நம்பித்தான் ஃபெண்டர்ஸ் புளூ என்ற சிறு நீலப் பட்டாம்பூச்சி வாழ்கிறது. 1937-க்குப் பிறகு கண்ணில் படாமல், அழிந்தே போனதென்று நினைத்து, 1989-இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். அது முட்டையிடுவது முக்கியமாகக் கின்கெய்டின் இலையடியில். ஆனால் நான் தவறாகக் குறித்த லூபினும் அதற்குச் சம்மதம்தானாம். எங்கள் படிவத்துக்குத்தான் சம்மதமில்லை. பதினேழு கொடியையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.