கோரையை இழுக்காதீர்கள், தோண்டுங்கள்

போன வருடம் கன்னங்குறிச்சி வீட்டு முன்வாசலில் கொரியன் புல் போட்டோம், பத்தடிக்குப் பதினைந்தடி இடம்தான். தரையை மேடாக்க ஒரு லோடு செம்மண் இறக்கினோம். கோரைக் களை அதோடுதான் வந்தது, எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்த மண் போகாத கொல்லைப்புறத்தில் இன்று வரை ஒரு கோரைகூட முளைக்கவில்லை. ஐப்பசி மழை பெய்து பத்தே நாளில் முன்வாசல் முழுக்க முளைத்துவிட்டது.

பார்க்கப் புல் மாதிரியே இருக்கும், ஆனால் கோரை புல் வகையே இல்லை. பூத்தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும்.

மார்கழி முழுக்கத் தினமும் பிடுங்கினேன். இழுத்தால் இலை கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே நிற்கும். ஒரு கிழங்கிலிருந்து நூல் போல ஒன்று ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும், ஒன்றைப் பறித்தால் பக்கத்தில் இருப்பது முளைக்கும். கருப்பு பாலித்தீன் ஷீட் போட்டு மூடினேன், ஊசி மாதிரி ஷீட்டையே குத்திக்கொண்டு மேலே வந்துவிட்டது. கிளைபோசேட் களைக்கொல்லி அடிக்க மனசு வரவில்லை, அது கொரியன் புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

வாழப்பாடியிலிருந்து வந்த அம்மாயிதான், "இழுக்காத கண்ணு, தோண்டு" என்று வழி காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி, மறுநாள் களைக்கொத்தை ஒரு சாண் ஆழம் இறக்கி நெம்பி, கிழங்கைக் கையால் தேடி எடுக்க வேண்டும். ரொம்ப அடர்த்தியாக இருந்த இரண்டு இடத்தில் புல்லையே வெட்டி எடுத்துவிட்டு, மண்ணைச் சல்லடையில் சலித்து நிரப்பிப் புதிதாக நட்டேன்.

எடுத்த கிழங்கை எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், எருவோடு திரும்பி வந்து முளைக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வாரக்கணக்கில் காயப்போட்டேன், சுருங்கி வற்றினால்தான் சாகும். அம்மாயி அதில் ஒரு கை அள்ளிக் கஷாயத்துக்கு எடுத்துக்கொண்டார், நாட்டு மருந்துக்கடையில் விற்கிற கோரைக்கிழங்கு இதுதானே.

அப்புறம் விடாமல் பார்க்க வேண்டும். புதுத் தளிர் ஐந்தாறு இலை விடுவதற்குள் எடுத்துவிட்டால் அது புதுக் கிழங்கு வைக்காது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். போன வாரம் எண்ணினேன், கேட் ஓரமாக ஏழு.