தம்பியின் 82 சதவீதம்

"மருந்து கேக்குதா?" குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான தூத்தூரிலிருந்து யார் போன் போட்டாலும் முதல் கேள்வி இதுதான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவர்களுக்கு. அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பது, தம்பிக்கு எலும்புப் புற்றுநோய் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது அவனுக்கு 15 வயது. எங்கள் கடற்கரையில் பந்து விளையாடாத பையன் கிடையாது, அதனால் முட்டிக்கு மேலே வலி என்றதும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் மாவட்டத்தில் அடிபட்டால் முதலில் போவது வர்ம வைத்தியரிடம். இரண்டு வாரம் எண்ணெய் போட்டுத் தடவினார், வீக்கம்தான் கூடியது. வர்மத்தைக் குறை சொல்ல வரவில்லை. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலிக்கு எக்ஸ்ரே எடுக்காமல் தடவக் கூடாது, அவ்வளவுதான். நாகர்கோவிலில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இங்க ஊசி குத்த வேண்டாம், ஆபரேஷன் பண்ணப்போற டாக்டரே பயாப்சியும் எடுக்கட்டும்" என்று திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார். பயாப்சி என்றால் கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதிப்பது. ஊசி போன தடத்தையும் பிறகு கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டுமாம். அதை அன்றைக்கே யோசித்துச் சொன்னதற்கு அவரை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆஸ்டியோசார்கோமா. தொடை எலும்பின் கீழ்முனை. நுரையீரலுக்குப் பரவவில்லை. முதலில் பத்து வாரம் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மறுபடி கீமோ என்றார்கள். சிஸ்பிளாட்டின், சிவப்பாக இறங்குகிற டாக்ஸோரூபிசின், மஞ்சளாக இறங்குகிற மெத்தோட்ரெக்சேட். மெத்தோட்ரெக்சேட் வாரங்களில் என் வேலை, ஒவ்வொரு முறை அவன் சிறுநீர் கழித்ததும் அதில் ஒரு காகிதப் பட்டையை முக்கி நிறம் பார்ப்பது. காரத்தன்மை குறைந்தால் மருந்து சிறுநீரகத்தில் படிந்துவிடும், உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும் வரை, நல்ல செல்களைக் காப்பாற்றும் மாற்று மருந்து ஓடிக்கொண்டே இருக்கும், டிஸ்சார்ஜ் கிடையாது.

இதற்கிடையில் மருந்து கேட்கிறதா என்று நானே தேட ஆரம்பித்தேன். ரத்தப் பரிசோதனையில் வரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அது இறங்க இறங்க எனக்குச் சந்தோஷம். "நல்ல அறிகுறிதான், ஆனா வளர்ற பையனுக்கு இது சாதாரணமாவே கூடுதலா இருக்கும், இத வச்சு முடிவு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வலி குறைந்தது, அதையும் முழுசாக நம்பக் கூடாதாம். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி ஏறக்குறைய அதே அளவு. அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இந்தக் கட்டி தானே எலும்பை உண்டாக்குவது, உள்ளே செல்கள் செத்தாலும் அந்த எலும்பு கரையாமல் நிற்கும் என்று டாக்டர் விளக்கினார். அப்பா ஆழ்கடல் போட்டில் போயிருந்தார். கொச்சியில் கரையேறி போன் பண்ணியபோது அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "சிப்பி செத்தாலும் ஓடு அப்படியேதான இருக்கும் அப்பா, அது மாதிரி" என்றேன். "அப்போ ஓட்டப் பொளந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். அதேதான்.

காலை எடுக்காமல், நோய் வந்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். எடுத்த எலும்பை நீளவாக்கில் அறுத்து, அமிலத்தில் ஊற வைத்து மிருதுவாக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எவ்வளவு செத்திருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். 90 சதவீதமும் அதற்கு மேலும் செத்திருந்தால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆனது.

82.

"பரீட்சையில நான் 80-க்கு மேல வாங்குனதே இல்ல. வாங்குன ஒரே தடவையும் பெயிலா?" என்றான் தம்பி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் மருந்தை மாற்ற வேண்டாமா என்று டாக்டரிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் யூராமோஸ் என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார். 17 நாடுகளில் நடந்தது. இப்படி 90-ஐத் தொடாத 618 பேரில் பாதிப் பேருக்கு அதே மருந்து, மீதிப் பேருக்குக் கூடுதலாக ஐபாஸ்பமைடும் எட்டோபோசைடும். 2016-ல் முடிவு வெளியானது: கூடுதல் மருந்தால் பலன் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. அதனால் பழைய மருந்தே தொடரும் என்றார்.

"பின்ன எதுக்கு சார் இந்த நம்பர்?"

90-ஐத் தாண்டியவர்களுக்கு நோய் திரும்பி வருவது குறைவு, தாண்டாதவர்களிலும் நிறையப் பேர் குணமாகிறார்கள், உங்கள் தம்பி எந்தப் பக்கம் என்று இந்த நம்பர் சொல்லாது என்றார். வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். கீமோ தொடங்கும் முன்பே யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கிறதாம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஒரு வாரம் நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் பொய்யாக ஆறுதல் சொல்லாத மனிதர் என்று அப்புறம் தோன்றியது.

கீமோ முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. நெஞ்சு ஸ்கேன் இதுவரை சுத்தம், அடுத்தது வருகிற மாதம். சிஸ்பிளாட்டினால் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் அவன் காதில் விழுவதில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வந்த மாமி அவனிடமே நேராகக் கேட்டாள், "மருந்தெல்லாம் கேட்டுதா மக்ளே?"

"மருந்து கொஞ்சம் கேட்டுது மாமி. காதுதான் கேக்கல" என்றான்.