மெனிஸ்கஸ் கிழிசல்: பெயரைவிட ரத்த ஓட்டம் முக்கியம்

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு மருத்துவ மேற்படிப்பு) செய்முறைத் தேர்வில் சுருக்கமாகப் பரிசோதித்துச் சொல்ல எனக்கு வந்த ஷார்ட் கேஸ், கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். "குந்தி எழுந்தா முட்டி பூட்டிக்குது சார், ஜவ்வு கிழிஞ்சிருக்காம்" என்றார். நம் ஊரில் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நாரான ஏசிஎல்லும் ஜவ்வுதான், அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸும் ஜவ்வுதான். அந்த ஒரு சொல்லை நம்பி நின்றுவிடாதீர்கள். அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் வீங்கியதா, மறுநாள் வீங்கியதா என்று கேளுங்கள். உடனே வீங்கினால் ஏசிஎல்லைச் சந்தேகப்படுங்கள். மெதுவாக வீங்கினால் பெரும்பாலும் மெனிஸ்கஸ்.

நெடுக்கு, ரேடியல் (உள் விளிம்பிலிருந்து குறுக்கே), கிடைமட்டம், ஃபிளாப், பக்கெட் ஹேண்டில் என்று வகைகளைக் கடகடவென ஒப்பித்தேன். "சரி, இதில் எதைத் தைப்பாய், எதை வெட்டுவாய்?" என்றார் தேர்வாளர். எனக்குப் பதில் வரவில்லை. அந்த முறை தேறவும் இல்லை.

அப்புறம் சைதாப்பேட்டை கறிக்கடையில் முட்டி பிளக்காத ஆட்டுக்கால் வாங்கி வந்து, பிளேடால் திறந்து பார்த்தேன். மெனிஸ்கஸின் வெளி விளிம்பு தடித்து, மூட்டு உறையோடு ஒட்டியிருந்தது. உள் விளிம்பு நகம் போல மெல்லிசு. நெடுக்கில் கீறி ஒரு தையல் போட்டேன், இரண்டு ஓரமும் அழகாகச் சேர்ந்தன. குறுக்கே வெட்டியதும் வளையமே அறுந்தது. மூட்டை அழுத்தினால் ஓரங்கள் விலகி ஓடின. ரேடியல் கிழிசல் ஏன் மோசம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

பெரியவர்களுக்கு உள்பக்க மெனிஸ்கஸின் வெளிப்புற 10 முதல் 30 சதவீதத்துக்குத்தான் ரத்தம் போகிறது என்று 1982இல் ஆர்னோஸ்கியும் வாரனும் காட்டினார்கள். ரத்தம் போனால்தான் தையல் ஆறும், அதனால் அங்கே நெடுக்காகக் கிழிந்தால் தைக்கலாம்; கூடவே ஏசிஎல் சீரமைப்பும் செய்தால் இன்னும் நன்றாக ஆறும். ரத்தமில்லாத உள் ஓரத்தில் ஆடும் துண்டை மட்டும், முடிந்தவரை குறைவாக, வெட்டுங்கள். மெனிஸ்கஸை முழுதாக எடுத்த முழங்கால்களில் மூட்டு இடைவெளி குறுகி எலும்பு தட்டையாவதை ஃபேர்பேங்க் 1948லேயே எழுதிவிட்டார். மெனிஸ்கஸ் எலும்பில் பதியும் முனையான ரூட் கிழிந்தாலும் மெனிஸ்கஸ் இல்லாத மாதிரிதான், அதனால் டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பில்) துளையிட்டு இழுத்துக் கட்டுகிறோம். வயதானவர்களின் தேய்மானக் கிழிசலுக்கு முதலில் பிசியோதெரபிதான்.

மெனிஸ்கஸின் பின்பகுதியை இன்சைட்-அவுட் முறையில், அதாவது மூட்டுக்குள்ளிருந்து வெளியே ஊசியை எடுத்து, தைப்பதாகச் சொன்னால் எந்த நரம்பு அடிபடலாம் என்று தேர்வாளர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். உள்பக்கம் சஃபீனஸ், வெளிப்பக்கம் பெரோனியல்.

இரண்டாவது முறை எனக்கு வந்த கடைசிக் கேள்வி, "தைத்த பிறகு இவர் எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பது. ஆழமாகக் குந்துவதைச் சுமார் 4 மாதம் தவிர்க்க வேண்டும், சுமை தூக்க அதற்கும் மேலாகலாம், தினக்கூலிக்காரர் என்பதால் தையலுக்கு முன்பே வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவேன் என்றேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போகச் சொன்னார்.