ஸ்டீராய்டு களிம்பு: எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது

முழங்கை மடிப்புகளில் எனக்கு எக்ஸிமா என்ற அரிக்கும் தோல் அழற்சி அவ்வப்போது எட்டிப்பார்ப்பதுண்டு. பெரும்பாலும் மாய்ஸ்சரைசரிலேயே அடங்கிவிடும். போன முறை அடங்கவில்லை. தோல் தடித்து, சொரசொரத்து, சொறிந்த இடமெல்லாம் வெடிப்பு. தூக்கத்திலேயே சொறிந்துகொண்டிருப்பேன். தோல் டாக்டரிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்தது ஹைட்ரோகார்ட்டிசோன் 1% ஆயின்மென்ட்.

ட்யூபைப் பார்த்ததுமே அக்கா, "ஸ்டீராய்டா? தோல் மெலிஞ்சு போயிடுமே, அதைப் போய்ப் போடுறியா?" என்று பதறினாள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டுத் தோல் மெலிந்தவர்கள், மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பித்தவர்கள், அழியாத வரிகள் விழுந்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் போட்ட மருந்தும் என் கையில் இருந்த மருந்தும் ஒன்றல்ல. ஸ்டீராய்டு களிம்புகளில் மிதமானது, நடுத்தரமானது, வீரியமானது, மிக வீரியமானது என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் முதல் படி. எக்ஸிமாவுக்கு அதைப் பூசிப் பலன் கண்டதை சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு தோல் மருத்துவர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். இத்தனை காலம் புழங்கிய மருந்து என்பதால் அதன் நல்லதும் கெட்டதும் நன்றாகவே தெரியும்.

இங்கே பலரைக் குழப்பிவிடுவது ட்யூபில் இருக்கும் சதவீதம். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% என்றும் க்ளோபெட்டசால் 0.05% என்றும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், இரண்டாவதுதான் லேசானது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. க்ளோபெட்டசால் கடைசிப் படியில் இருப்பது, ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலுவானது. வீரியத்தைச் சொல்வது மருந்தின் பெயர்தான், எண் அல்ல. பெயரையும் முழுசாகப் படிக்க வேண்டும்: க்ளோபெட்டசோன் நடுத்தர வகை, க்ளோபெட்டசால் மிக வீரியமானது. வித்தியாசம் கடைசி எழுத்துகளில்தான் இருக்கிறது.

அடுத்து அளவு. அட்டையில் "மெல்லியதாகப் பூசவும்" என்று மட்டும் போட்டிருந்தது. பயந்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடுகளவு எடுத்துப் பெரிய இடத்தில் இழுத்துத் தேய்ப்பார்கள். அது வேலை செய்யாது. எக்ஸிமா பாதி அடங்கிப் பாதி எரிந்துகொண்டே நாளைக் கடத்தும். டாக்டர் என் சுட்டு விரலைக் காட்டச் சொல்லி, நுனியிலிருந்து முதல் ரேகை மடிப்புவரை தொட்டுக் காட்டினார். ட்யூபை அழுத்தி அந்த நீளத்துக்கு ஒரு கோடாக எடுத்தால் சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு, சேர்த்து வைத்த விரல்களையும் கணக்கில் எடுத்து, அது போதும். 1991-லிருந்து தோல் மருத்துவர்கள் இந்த விரல்நுனி அளவைச் சொல்லிவருகிறார்கள். என் இரண்டு மடிப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய அந்தப் பரப்புதான். ஆக, ஒரு வேளைக்கு ஒரு விரல்நுனி. குழந்தைக்குப் பூசினாலும் அளப்பது பெரியவர் விரலால்தான். குழந்தையின் தோலில் எத்தனை உள்ளங்கை இடம் என்பதையும் பெரியவர் கையை வைத்தே பார்க்க வேண்டும்.

எனக்குச் சொன்னது ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரவில். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசர் போட்டு, அரை மணி நேரம் விட்டு, அப்புறம் களிம்பு. எது முதலில் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். நடுவில் இடைவெளி விடுவதுதான் முக்கியம். உடனடியாக ஒன்றன்மேல் ஒன்று பூசினால் மருந்து நீர்த்துப்போகும், தேவையில்லாத இடங்களுக்கும் பரவும். அழுத்தித் தேய்க்கவும் தேவையில்லை. முடி வளரும் திசையில் மெதுவாக நீவிவிட்டால் போதும். முடிந்ததும் கையைக் கழுவிவிடுவேன், அதே கை கண்ணுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. பூசிய இடத்தை ப்ளாஸ்டரோ பாலிதீனோ வைத்து மூடக் கூடாது. மூடினால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். குழந்தைக்கு டயப்பருக்கு அடியில் ஸ்டீராய்டு பூசுவதில் இருக்கும் ஆபத்தும் இதுதான். தோல் உலர்ந்து தடித்திருந்ததால் எனக்கு எண்ணெய்ப்பசை கூடுதலான ஆயின்மென்ட் கொடுத்தார். நீர் கசியும் புண்ணாக இருந்தால் க்ரீம்தான் தோது.

சில நாட்களிலேயே அரிப்பு தணிந்து நிம்மதியாகத் தூங்க முடிந்தது. பூசுவதெல்லாம் எளிது. எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோலுக்கு அது இன்னும் கஷ்டம். தோல் அழற்சி என்றாலே சிவப்பு என்று எழுதியிருப்பார்கள். என் கையில் சிவப்பே தெரியவில்லை. அடர்ந்த பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். அரிப்பு போனபிறகும் அந்தக் கருமை அப்படியே இருந்தது. கருமை போகும்வரை களிம்பு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லி அனுப்பியது என் அதிர்ஷ்டம்: "நிறத்தைப் பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க. அரிப்பும் இல்ல, தடிப்பும் இல்ல, பக்கத்துத் தோல் மாதிரியே வழவழன்னு இருக்குன்னா அழற்சி அடங்கிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் போட்டுட்டு நிறுத்திடுங்க. கருப்பு தானா போகும், மாசக்கணக்குல ஆகும்."

அழற்சியின்போது தோல், நிறம் தரும் மெலனினைக் கூடுதலாக உற்பத்தி செய்துவிடுகிறது. நெருப்பு அணைந்த இடத்தில் கரி தங்குவதைப் போல அது அங்கேயே தங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு அணைப்பது நெருப்பைத்தான். அந்தக் கரியைப் போக்க அதைத் தொடர்ந்து பூசுகிறவர்களுக்குத்தான் தோல் மெலிகிறது. சிலருக்கு அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தும் போகிறது. அந்த வெளுப்பு ஒரு பக்கவிளைவு. நிறம் தெளியும் என்று நம்பி ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகத்தில் தினமும் பூசுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. சில மாதங்களில் முகம் அதற்குப் பழகிவிடும். நிறுத்தினால் எரிச்சலும் பருவும் கிளம்பும், அதைத் தணிக்க மறுபடி அதையே பூசுவார்கள்.

முகத்தில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், உடம்பின் எல்லா இடத்துத் தோலும் மருந்தை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்தே இதை அளந்து பார்த்தார்கள். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றி 6 மடங்கும், தாடைப் பக்கம் 13 மடங்கும், விரைப்பை 42 மடங்கும் உறிஞ்சின. கண் இமை, அக்குள், தொடை இடுக்கு எல்லாமே மெல்லிய தோல். டாக்டர் குறிப்பிட்டுச் சொல்லாமல் அங்கெல்லாம் மிதமான களிம்பைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. சீட்டு இல்லாமல் தாமாக வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வாரம்தான் எல்லை.

நான் தேறியதைப் பார்த்த நண்பர் ஒருவர், இடுப்பில் வட்டமாக அரிக்கிறது, அந்த ட்யூபைக் கொடேன் என்று கேட்டார். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் விரியும் வட்டம். கொடுக்க மறுத்துவிட்டு, டாக்டரைப் பாருங்கள் என்றேன். போய்ப் பார்த்தார், படர்தாமரைதான். பூஞ்சைத் தொற்றின்மேல் ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு உடனே அடங்கும், மருந்து கேட்கிறது என்று நம்பிவிடுவோம். அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவும். வட்டத்தின் அடையாளமும் கலைந்துபோவதால் பிறகு பார்க்கும் டாக்டருக்கே கண்டுபிடிப்பது சிரமம். பருவுக்கும், அம்மைக் கொப்புளத்துக்கும், சீழ் வைத்த புண்ணுக்கும் இந்தக் களிம்பைத் தானாக எடுத்துப் போடக் கூடாது.

எனக்குச் சொல்லியிருந்த எச்சரிக்கை அடையாளங்களையும் எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும். நீர் கசிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, வலியும் சூடும் ஏறினாலோ கிருமித்தொற்றாக இருக்கலாம். எக்ஸிமா இருக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், தள்ளிப்போட்டால் ஆபத்து.

களிம்பை நிறுத்தினாலும் மாய்ஸ்சரைசரை நிறுத்தவில்லை. அது தினமும் உண்டு. பாரஃபின் கலந்தது என்றால் துணியில் ஊறியபின் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் போகிறவர்கள் சட்டைக் கையைக் கவனித்துக்கொள்ளுங்கள். ட்யூப்மேல் பேனாவால் தொடங்கிய தேதியை எழுதி வைத்தேன். "எத்தனை நாளா போடுறீங்க?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. கொஞ்ச காலம் கழித்து ஒரு மடிப்பில் மறுபடி தலைகாட்டியபோது, சொரசொரப்பு ஆரம்பித்த உடனேயே அதே அளவில் போட்டேன், முன்னைவிடச் சீக்கிரம் அடங்கியது. இடைவெளி குறைந்து அடிக்கடி வர ஆரம்பித்தால் நானாகப் போய் வீரியமான ட்யூப் எதையும் வாங்கிவிடாமல் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். ஸ்டீராய்டு இல்லாத களிம்புகளும் இருக்கின்றன, அப்போது யோசிக்கலாம் என்றார்.